கலாவதி இடத்து நாட்கள்

2024

ஜூன் 10, திங்கள்

பால் வரவில்லை. கறுப்புக் காப்பி குடித்துவிட்டுத் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அதனால் பத்து மணி வரைக்கும் யாரிடமும் நல்ல வார்த்தை பேசவில்லை.

என் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. முதலாளி வேலாயுதம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து ஆஜர் போடுகிற மிஷினாம். வந்த நேரம், போன நேரம், மாதக் கடைசியில் சம்பளம், பிடித்தம், எல்லாவற்றையும் அதுவே போட்டு அவரவர் பேங்குக்கு அனுப்பிவிடுமாம்.

"பாப்பா அனுப்பிச்சிக்கிறா. இனிமே நோட்டு கீட்டு ஒண்ணும் வேணாம்மா குழலி," என்றார். பாப்பா என்பது அவர் மகள் சத்யப்ரியா. சென்னையில் ஆடிட்டர். முப்பத்திரண்டு வயதாகிறது, எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.

"அப்ப எனக்கு என்ன வேல முதலாளி?"

"மிஷின பாத்துக்கோ."

மிஷின் எல்லோரையும் பார்க்கும், நான் மிஷினைப் பார்க்க வேண்டும். பதினாலு வருஷம் ஆஜர் நோட்டு எழுதியவளுக்கு நல்ல பதவி உயர்வு.

ஜூன் 12, புதன்

ஆள் பட்டியல் கேட்டு பாப்பா ஒரு நீளமான மெயில் அனுப்பியிருக்கிறாள். நான்கு பக்கம், ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் வேண்டியது இருந்தது: பெயர், பிறந்த தேதி, ஆதார், தறி எண். இருபத்திரண்டு தறிக்கு நாற்பத்தொரு பேர். எழுதிக்கொண்டே வந்தவள் ஏழாம் தறியில் நின்றுவிட்டேன்.

ஏழாம் தறி மயில்வாகனம் அண்ணனும் கலாக்காவும். புடவை உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒரு ஆளால் நெய்ய முடியாது. அண்ணன் நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவது கலாக்கா. பத்தொன்பது வருஷமாக அது 'கலாவதி இடம்'. ஆனால் ஜனவரியிலிருந்து அங்கே உட்காருவது அவர்கள் மகள் அகிலா. கலாக்காவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது சென்னையில் மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, அடுத்த வருஷம் வரைக்கும் போட வேண்டும். ஓர் ஊசி விலைக்கு ஒரு முகூர்த்தப் புடவையே எடுக்கலாம். எல்லாம் தறிக்கூடத்து இன்சூரன்ஸ் அட்டையில்தான் ஓடுகிறது. அந்த அட்டைக்கு மாதம் பதினைந்து நாளாவது ஆஜர் வேண்டும்.

நோட்டில் நான் கலாவதி என்றுதான் எழுதிவருகிறேன். உட்காருவது அகிலா, நாள் கலாவதிக்கு. இது நான் கண்டுபிடித்த வழக்கமில்லை. பிரசவத்துக்குப் போனவள் இடத்தில் நாத்தனார் உட்காருவாள், கால் உடைந்தவர் இடத்தில் தம்பி உட்காருவார். இடம் யாருடையதோ நாளும் அவருடையதுதான். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். முதலாளிக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது?

பட்டியலில் 'கலாவதி, வயது 47' என்று அடித்து அனுப்பிவிட்டேன். மிச்சம் மூன்று பக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

ஜூன் 15, சனி

முகம் பதிகிற நாள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். இரண்டாம் தறி ராஜவேலு மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்தார். மிஷின் அவரைப் பார்த்துவிட்டு 'தெளிவாக இல்லை' என்றது. "எங்க ஊட்டுக்காரியும் அதான் சொல்றா," என்றார். கூடமே சிரித்தது.

பிறகு ஏழாம் தறி. திரையில் கலாவதி என்ற பெயர் திறந்திருக்கிறது, எதிரே அகிலா நிற்கிறாள். கலாக்கா நேற்று ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடக்கிறாள். இன்னொரு நாள் பதியலாமா என்று, முகம் பதிய வந்திருந்த மிஷின்காரரைக் கேட்டேன். தாராளமாக என்றார். ஆனால் அவள் முகத்தைப் பதிந்துவிட்டால் தினமும் அவளல்லவா வர வேண்டும்? அகிலாவின் முகத்துக்கு அது பச்சை காட்டாதே!

அகிலா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் நிமிர்ந்து மிஷினைப் பார்த்தாள், பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தொரு வயதுப் பெண்ணை நாற்பத்தேழு என்று அது ஏற்றுக்கொண்டது. மிஷின்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தார்.

நல்லதுதான் செய்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "சத்யப்ரியாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டியா?" என்றார். எதற்குச் சொல்ல வேண்டும்? நோட்டில் எழுதும்போது யாரிடம் சொல்லிவிட்டு எழுதினேன்? கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அதற்குள் பயம் இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஜூலை 5, வெள்ளி

அமாவாசை. தறி ஓடாது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், மிஷினுக்குத் தெரியவில்லை. பத்து மணிக்கு நாற்பத்தொரு பேர் போனிலும் 'நீங்கள் இன்று வரவில்லை' என்று செய்தி. ராஜவேலு போன் பண்ணி, "நான் வரலன்னு எனக்கே சொல்லுது பாரும்மா," என்றார். முதலாளிக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது. சோதனைக்கு அவர் முகத்தையும் பதிந்து வைத்திருந்தோம்.

கலாக்கா இன்று ஊசிக்குப் போயிருக்கிறாள்.

ஜூலை 31, புதன்

மிஷின் போட்ட முதல் முழு மாதச் சம்பளம். அமாவாசையை மட்டும் நான் திருத்த வேண்டியிருந்தது. கலாவதி 26 நாள். ஒரு நாள் குறைவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதை எப்படி எழுதுவது?

காலை எட்டே முக்காலுக்குக் கலாக்கா வந்தாள். தலையில் துண்டு கட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மல்லி வைத்திருந்தாள். "ரெண்டு நாளா ஒடம்பு நல்லா இருக்குது குழலி. ஊட்ல குந்திக்கினு என்னா பண்றது, அகிலாக்கு இன்னைக்கி ஒரு நாள் லீவு குடுத்துட்டேன்," என்றாள். நான் எழுந்து வருவதற்குள் மற்றவர்களைப் பார்த்து அவளும் மிஷின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

சிவப்பு. 'பதிவு இல்லாத நபர்.'

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப நின்றாள். சிவப்பு. துண்டை அவிழ்க்கப் போனாள். நான் ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாங்கா. துண்டு இல்ல காரணம்."

அவளுக்கு விஷயம் தெரியும், அகிலா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மிஷின் சொல்லக் கேட்பது வேறுதானே. "பத்தொம்பது வருஷம்," என்று மட்டும் சொன்னாள். அப்புறம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அண்ணன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து நாடா தள்ளினாள். பிறகு முடியாமல் நிறுத்திக்கொண்டாள். இன்று கலாவதி வந்தாள், மிஷினில் கலாவதி வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

பாப்பாவிடமிருந்து அறிவிப்பு. அக்டோபர் ஒன்று முதல் மிஷினில் இருக்கிற போட்டோக்கள் நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். ஆஸ்பத்திரி கவுன்டரிலும் முகத்தைப் பார்த்துத்தான் சிகிச்சை. அட்டை தொலைந்தால்கூடக் கவலை இல்லை என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான் வருகிறது. மிஷினில் அகிலா முகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் கலாக்காவைத் தெரியாது. கலாக்கா முகத்தை மாற்றினால் ஆஸ்பத்திரிக்குத் தெரியும், ஆனால் இங்கே அகிலா வந்தால் ஆஜர் ஆகாது, பதினைந்து நாள் வராது, அட்டை போய்விடும். இந்தப் பக்கம் போனாலும் ஊசி இல்லை, அந்தப் பக்கம் போனாலும் இல்லை.

நோட்டு இருந்தால் ஒரு பேனாவில் முடிகிற காரியம். நோட்டு எங்கே இருக்கிறது? பழைய பேப்பர்காரருக்குப் போட முதலாளி கட்டி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 20, வெள்ளி

மிஷின் கம்பெனிக்குப் போன். ஸ்நேஹா என்று ஒரு பெண், தேன் மாதிரிப் பேசினாள். "மேம், ஒரு ஐடிக்கு ஒரு ஃபேஸ்தான்." ஒரே வேலையை அம்மாவும் மகளும் மாறி மாறிச் செய்தால்? "அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல மேம்." வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும்தான். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

நான் விஷயத்தைச் சொன்னதும், அட்டை இல்லாமலே ஊசி கிடைக்குமா என்று மயில்வாகனம் அண்ணன் கலாக்காவின் பைலைத் தூக்கிக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறார். எங்கே போனாலும் முதலிலிருந்து பரிசோதனை, முதலிலிருந்து வரிசை. வந்து என் மேசைப் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ நல்லதுக்குத்தான் பண்ண குழலி," என்றார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

செப்டம்பர் 25, புதன்

பாப்பா வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜூன் பதினைந்து, அகிலா முகம், நான் தலையாட்டியது, எல்லாம். கடைசியில் அழுதேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தாள். லேப்டாப்பில் ஏதோ ஒரு மெயிலைத் தேடித் திறந்தாள்.

"அக்கா, ஏங்கா எங்கிட்ட கேக்கல?"

"என்னம்மா கேக்கறது? எப்பவும் பண்றதுதான..."

"ஜூன்ல பாலிசி புதுசாப் போட்டோம். அந்த மாசம் யாரப் பதிஞ்சாலும் வெயிட்டிங் கிடையாது. யார் இடத்துல யார் வராங்களோ, இப்பவே அவங்க பேருக்கு மாத்திடுங்க, அப்பா அம்மாவயும் சேத்துக்கலாம், பழைய நோய் இருந்தாலும் பரவால்லன்னு எழுதினேனே. மெயில்ல இருக்குதுக்கா, நாலாவது பக்கம்."

நாலாவது பக்கம்.

அகிலாவை அகிலா என்று பதிந்திருந்தால் போதும். அன்றைக்கே கலாக்காவுக்கு அட்டை வந்திருக்கும். பொய்யே வேண்டாம். அவள் கேட்டதைத்தான் நான் மறைத்திருக்கிறேன். ஐயோ, எவ்ளோ பெரிய முட்டாள் நான். படிச்சித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 28, சனி

பாப்பா இன்சூரன்ஸ்காரர்களோடு மூன்று நாளாகப் பேசினாள். ஜூனுக்குப் பின்தேதி போட முடியாதாம். ஆஜர் அவர்கள் கைக்கு நேராகப் போகிறது, திருத்த இவளாலும் ஆகாது. ஒரே வழிதான் இருக்கிறது. கலாக்கா வேலையை விட்டு நிற்க வேண்டும், அந்த இடத்தில் அகிலா புது ஆளாகச் சேர வேண்டும். புது ஆளுக்கு ஆறு மாதம் காத்திருப்பு. அதற்குப் பிறகு அப்பா அம்மாவுக்கும் அட்டை உண்டு.

கலாக்காவின் அட்டை அக்டோபர் கடைசி வரைக்கும் செல்லும். முகத்தை அவளுடையதாக மாற்றிவிட்டால் பதினெட்டாம் தேதி ஊசி மட்டும் கிடைக்கும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு ரெண்டு ஊசிக்கு நான் பாக்கறேன்மா. அதுக்கு மேல என்னால ஆவாது," என்றார். பெரிய மனசுதான். அவருக்கும் நாலு மாதமாகப் புடவை தேங்கிக் கிடக்கிறது.

அக்டோபர் 5, சனி

கலாக்காவின் வீட்டுக்கு நானே போனேன். வேலையை விட்டு நிற்பதற்குக் காரணம் கேட்கிறது மிஷின்: வேறு வேலை, ஓய்வு, சொந்தக் காரணம். எதைப் போட என்றேன். "ஏதோ ஒண்ணு போடு," என்றாள். அவள் போனுக்கு ஆறு எண் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். அடித்தேன். பத்தொன்பது வருஷம் அவ்வளவுதான்.

கேசரி கிளறி வைத்திருந்தாள், மகள் வேலைக்குச் சேருகிறாள் என்று.

அக்டோபர் 7, திங்கள்

அகிலா, வயது 21, தறி ஏழு. பச்சை.

சாயங்காலம் கலாக்காவிடமிருந்து போன். "கொயந்த பேரு ஒழுங்கா வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்றேன். பிறகு மாதத்தை ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. "நவம்பர், டிசம்பர்... ஏப்ரல் ஏழு. ஏப்ரல் வரைக்கும் நான் இருந்துட்டாப் போதும், இல்ல குழலி?"

இருப்பக்கா, ஏன் இருக்க மாட்ட என்றேன். 

அக்டோபர் 18, வெள்ளி

அட்டையில் கடைசி ஊசி. கவுன்டரில் கலாக்காவின் முகத்துக்குப் பச்சை வந்ததாம். அண்ணன் போன் பண்ணிச் சொன்னார், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

நவம்பர் 8, வெள்ளி

முதலாளி கொடுத்ததில் ஓர் ஊசி.

நவம்பர் 29, வெள்ளி

ராஜவேலு வசூல் பண்ணினார். நாற்பது பேரும் கொடுத்தார்கள். நான் என் வளையலில் ஒன்றை வைத்தேன்.  இன்னோர் ஊசி.

டிசம்பர் 20, வெள்ளி

இல்லை.

2025

ஜனவரி 18, சனி

பொங்கல் கழித்து கலாக்காவைப் பார்க்கப் போனேன். ஒரு புது ஆஸ்பத்திரியில் வரிசையில் பெயர் பதிந்திருக்கிறார்கள், பரிசோதனை நடக்கிறது. எலும்பு வலி என்கிறாள். சுவரில் தினசரிக் காலண்டர், தாள் கிழித்துக் கிழித்து மெலிந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னும் எம்பது நாள்தான்," என்றாள்.

மன்னித்துவிடு என்று சொல்லப் போனேன். அவள் சொல்ல விடவில்லை. ராஜவேலு இன்னும் மீசைக்கு மை அடிக்கிறாரா என்று கேட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

அகிலா அரை நாள் லீவு. நேற்றும் அரை நாள். மிஷின் அதைச் சிவப்பில் காட்டுகிறது, 'ஒழுங்கற்ற வருகை'. அதை அழிக்க எனக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தால் அழித்திருப்பேனா? இப்போது எதைச் செய்யவும் கை வரமாட்டேன் என்கிறது. சும்மா இருந்தாலும் பயம், செய்தாலும் பயம்.

மார்ச் 6, வியாழன்

இன்று தறி ஓடவில்லை. நாற்பது பேரும் மயில்வாகனம் அண்ணன் வீட்டு வாசலில் மாலையோடு இருந்தோம். பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது, வேலைக்கு வரவில்லை என்று. ஒவ்வொருவராக எடுத்து அணைத்தோம்.

மார்ச் 7, வெள்ளி

ஏப்ரல் ஏழுக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது. முப்பத்திரண்டே நாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூரியரில் அகிலாவின் இன்சூரன்ஸ் அட்டை வந்தது. பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அது இப்போது என் வேலை. நாலு பக்கத்தையும் படித்தேன். பெற்றோர் என்ற இடத்தில் இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் மயில்வாகனம். இரண்டாவது வரி காலி.

அகிலாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து தேதிதான் போட்டுக்கிறாங்க அத்த," என்றாள். "கரெக்டா ஏழாந்தேதி."

ஆமாம்மா என்றேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பா காத்திருக்கிறார் என்று தறிக்குப் போனாள்.